கொலாஜனா, காலக்டோஸா? கல்லீரல் செல் ஒட்டும் சவ்வுகள் ஓர் அலசல்

கல்லீரலிலிருந்து பிரித்தெடுத்த செல்லுக்குப் பற்றிக்கொள்ள ஓர் இடம் வேண்டும், தனியாக மிதக்கவிட்டால் சீக்கிரம் செத்துவிடும். எந்தச் சவ்வில் வளர்ப்பது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் "எதில் நிறைய ஒட்டுகிறது" என்று பார்த்தே பதில் சொல்கிறார்கள். எனக்கு அது போதாது.

பூச்சு எதுவும் இல்லாத பாலிசல்போன் என்ற பிளாஸ்டிக் சவ்வை எடுத்தால், அது தண்ணீரை விரும்பாத பரப்பு, அதனால் வளர்ப்புத் திரவத்தில் சேர்க்கும் சீரத்தில் (ரத்தத்தின் தெளிந்த நீரில்) உள்ள புரதங்கள்தான் முதலில் போய் அதில் படியும். ஃபைப்ரோநெக்டின் என்ற ஒட்டுப் புரதம் படிந்த இடத்தில் செல் ஒட்டும், கல்லீரல் சுரக்கும் ரத்தப் புரதமான அல்புமின் படிந்த இடத்தில் ஒட்டாது. இதை நம்பி இறங்க மாட்டேன்.

உடலின் இணைப்புத் திசுவில் உள்ள புரதமான கொலாஜனைப் பூசுவது பழைய, நம்பகமான வழி. செல்லின் மேல் இருக்கும் இன்டெக்ரின்கள் என்ற பிடிப்புப் புரதங்கள் அதைப் பிடித்துக்கொள்ளும், சில மணி நேரத்தில் செல் நன்றாக ஒட்டிப் பரவிவிடும். சிக்கலே அந்தப் பரவலில்தான். கெட்டியான தட்டையான பரப்பில் விரிந்து படுத்த செல் சில நாட்களிலேயே அல்புமின் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும், மருந்துகளைச் சிதைக்கும் சைட்டோக்ரோம் பி450 நொதிகளும் சரியும், அதாவது ஒட்டிய செல் அங்கேயேதான் இருக்கும், கல்லீரல் வேலையைத்தான் மறந்திருக்கும். மேலே இன்னொரு கொலாஜன் அடுக்கை ஊற்றி சாண்ட்விச் போல மூடினால் வாரக்கணக்கில் வேலை செய்கிறது என்று 1989-இல் டன், யார்முஷ் குழுவினர் காட்டினார்கள். மருந்துச் சோதனைக்கு என் தேர்வு இதுதான்.

அப்புறம் காலக்டோஸ். கல்லீரல் செல்லின் மேல் ஏஷியலோகிளைக்கோபுரோட்டீன் ஏற்பி என்று ஒரு பிடிப்புப் புரதம் உண்டு, கால்சியம் இருந்தால் அது காலக்டோஸைப் பிடித்துக்கொள்ளும். இந்தச் சர்க்கரையைச் சுமந்த பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைப் பூசிப் பார்த்தவர்கள் ஜப்பானில் அகாய்கே குழுவினர். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், பூச்சு அடர்த்தியாக இருந்தால் செல் உருண்டையாகவே நிற்கும், குறைவாக இருந்தால் பரவும். செல்லின் வடிவம் நம் கைக்கு வருகிறது! ரத்தம் ஓடும் செயற்கைக் கல்லீரல் கருவிக்கு என்றால், பாலிசல்போன் மேல் காலக்டோஸை வேதிப் பிணைப்பாக இணைத்துப் பார்ப்பேன், ஏனென்றால் வெறுமனே பூசியது ஓட்டத்தில் கழன்றுவிடலாம்.

மேட்ரிஜெல் என்ற புரதக் கூழ் மென்மையானது, செல்லும் அதில் நன்றாக வேலை செய்யும். ஆனால் எலியின் கட்டியிலிருந்து எடுப்பது, ஒரு பேட்ச் போல இன்னொன்று இருக்காது, நோயாளிக்குப் பயன்படுத்தவும் முடியாது.

சரி, எதை எடுத்தாலும் 4 மணி நேரத்தில் ஒட்டாத செல்லைக் கழுவிவிட்டு, ஒட்டியதை எண்ணுவதோடு நிறுத்தாதீர்கள். ஏழாம் நாள் அதே தட்டில் செல் உண்டாக்கிய அல்புமினையும் யூரியாவையும் அளந்து, ஒட்டியிருக்கும் செல்லின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள், முதல் நாள் முன்னே நின்ற சவ்வு அப்போதும் முன்னே நிற்கிறதா என்று தெரிந்துவிடும்.