ரூகர் மார்க் 4 டார்கெட், கூடவே ஒரு பழைய ஸ்டாண்டர்ட்

தாளில் குறி பார்த்துச் சுடுவதற்கென்று ஒரே ஒரு .22 (0.22 அங்குலச் சிறு தோட்டா) கைத்துப்பாக்கி வாங்கப்போகிறீர்கள் என்றால், ரூகர் மார்க் 4 டார்கெட்டை வாங்குங்கள். முடிவை முதலிலேயே சொல்லிவிட்டேன். துல்லியத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. துல்லியம் இந்தக் குடும்பத்தில் 1949-இலிருந்தே இருக்கிறது. என் பரிந்துரைக்குக் காரணம், போல்ட்டுக்கு, அதாவது தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி மூடும் உருளைக்கு, கீழே பின்பக்கத்தில் இருக்கிற ஒரு சின்னப் பொத்தான். அதன் அருமை புரிய வேண்டுமென்றால் பழைய ஸ்டாண்டர்டைப் பற்றியும் பேசியாக வேண்டும். என்னிடம் இரண்டும் இருக்கின்றன. இரண்டையும் தொடர்ந்து சுடுகிறேன்.

நான் இருப்பது ஒஹாயோவில். ஈரி ஏரிக்கரையில் கேம்ப் பெர்ரி என்ற இடத்தில் 1907 முதல் தேசியப் போட்டிகள் நடக்கிற மாநிலம் என்பதால், புல்ஸ்ஐ என்கிற ஒற்றைக்கைப் போட்டிக்கு இங்கே இன்னும் உயிர் இருக்கிறது. ஒரு கை பாக்கெட்டில், மறு கையில் துப்பாக்கி. 50 கஜத்தில் நிதானமாக, பிறகு 25 கஜத்தில் 20 வினாடிக்குள் ஐந்து, கடைசியாக 10 வினாடிக்குள் ஐந்து. 50 கஜத்தில் பத்துப் புள்ளி வளையத்தின் குறுக்களவு மூன்றேகால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். குளிர்காலத்தில் உள்ளரங்கில் 50 அடிக்கு வந்துவிடுவோம், தாளும் அதற்கேற்பச் சுருங்கிவிடும். கல்லூரியில் என்.சி.சி.யில் தரையில் படுத்து .22 ரைஃபிள் சுட்டபோது தொற்றிக்கொண்ட ஆசை எனக்கு. நின்றபடி ஒரு கையில் சுடுவது முற்றிலும் வேறு வித்தை. கை ஆடும். ஆடுகிற கையோடு விசையை இழுக்கப் பழக வேண்டும்.

சரி, பழையதற்கு வருகிறேன். என்னுடையது 1960-களில் வந்த ரூகர் ஸ்டாண்டர்ட், நாலேமுக்கால் அங்குலக் குழல். வில்லியம் ரூகரும் அலெக்சாண்டர் ஸ்டர்மும் கனெக்டிகட்டில் சவுத்போர்ட் என்ற ஊரில் 50,000 டாலர் முதலீட்டில் ஆரம்பித்த கம்பெனியின் முதல் துப்பாக்கி இந்த ரகம்தான். 1949-இல் விலை 37 டாலர் 50 சென்ட். அந்தக் காலத்தில் போட்டி ரகமான கோல்ட் கம்பெனியின் உட்ஸ்மேன் வாங்க அதைவிட நிறையவே எடுத்து வைக்க வேண்டும். இவ்வளவு மலிவாக எப்படிச் செய்தார்கள் என்று பார்க்க, பிடியின் முன்விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் போதும். இரண்டு தகடுகளை அச்சில் அழுத்தி, ஒன்றோடொன்று பொருத்திப் பற்றவைத்து, அந்த வரி தெரியாமல் தேய்த்திருக்கிறார்கள். விரலை ஓட்டினால் ஒன்றும் தட்டுப்படாது. தாழ்வான கோணத்தில் விளக்கைப் பிடித்தால் மட்டும் மெல்லிய ஒரு கோடு தெரியும். மேலே உருளைக் குழாய், அதற்குள் முன்னும் பின்னும் போகிற உருளை போல்ட். போர் முடிந்து திரும்பிய ஒரு அமெரிக்க மரீன் படை வீரரிடமிருந்து ரூகர் வாங்கிய ஜப்பானிய நம்பு பிஸ்டலிலிருந்து வந்த யோசனை இது. போல்ட்டின் பின்னால் இரு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிடித்து இழுத்தால் போதும், மேல்பாகம் முழுவதும் நகராது. குறிபார்க்கும் முன்குறியும் பின்குறியும் குழலோடு சேர்ந்து அசையாமல் இருப்பதால்தான் மலிவு விலையிலும் இது நேராகச் சுடுகிறது.

பிடியில் பதித்திருக்கும் கழுகைப் பார்த்துத்தான் சேகரிப்பாளர்கள் முதலில் பேச ஆரம்பிப்பார்கள். அந்தச் சின்னத்தை வரைந்தவர் ஸ்டர்ம். அவர் 1951-இல் இளவயதிலேயே இறந்ததும், சிவப்பாக இருந்த கழுகைக் கறுப்பாக்கினார்கள். அதற்கு முந்தைய சிவப்புக் கழுகுத் துப்பாக்கிகளுக்குத் தனி விலை. என்னுடையது கறுப்பு. எனக்கு அது போதும், ஏனென்றால் நான் சுடுவதற்காக வாங்கினேன்.

வாங்கியது ஏலத்தில். விற்றவர் பெயர் வேண்டாம், ஆனால் படமெடுத்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். இடப்பக்கம் மட்டும் பளபளவென்று நாலு படம். வீட்டுக்கு வந்து பிடியின் பக்கத்தகட்டைக் கழற்றினால் உள்ளே வியர்வைத் துரு, குழலின் வலப்பக்கத்தில் உறைக்குள் ஈரத்தோடு கிடந்த அடையாளம். இணையத்தில் பழையது வாங்குகிறவர்கள் பக்கத்தகடு கழற்றிய படத்தையும் இரண்டு பக்கப் படத்தையும் கேட்டு வாங்குங்கள். கொடுக்க மறுத்தால் விட்டுவிடுங்கள்.

துருவை எடுக்க நான் வேதிக்கரைசல் எதுவும் பயன்படுத்தவில்லை. துருநீக்கித் திரவங்கள் துருவோடு சேர்த்து நீலப்பூச்சையும் தின்றுவிடும். அந்த நீலமும் இரும்பின் ஆக்ஸைடுதானே. மெல்லிய எண்ணெயை ஊற்றி ஒரு இரவு ஊறவிட்டு, மிக நுண்ணிய நான்கு சைபர் இரும்புக் கம்பளியால் எடையே கொடுக்காமல் தேய்க்க வேண்டும். துணி பழுப்பாகும், துடைக்க வேண்டும், மறுபடி எண்ணெய். செம்பழுப்பு மறைந்து அடியில் கருநீலம் எட்டிப்பார்க்கிற நேரம் இருக்கிறதே, இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகப் பிடித்த நேரம் அதுதான். குழிவிழுந்த இடங்கள் அப்படியேதான் இருக்கும். அவற்றைச் சமமாக்குகிறேன் என்று பாலீஷ் சக்கரத்தில் பிடித்தால் எழுத்துகள் மழுங்கும், விளிம்புகள் உருண்டு போகும். அப்படி 'புதுப்பித்த' துப்பாக்கிகளைக் கண்காட்சி மேசைகளில் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. நான் மாற்றியது போல்ட்டை முன்னால் திரும்பத் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங் ஒன்றைத்தான்.

இனி அந்தப் பொத்தானின் கதை. ஸ்டாண்டர்டைக் கழற்றுவது பாதிக் கஷ்டம், பூட்டுவதுதான் முழுக் கஷ்டம். பிடியின் முதுகில் ஒரு கொண்டி இருக்கும். அதை நெம்பித் திறந்து, ஹேமரை (தோட்டா வெடிக்கத் தட்டும் சுத்தியை) இயக்கும் மெயின்ஸ்பிரிங் இருக்கும் பாகத்தைக் கீழே இழுக்க வேண்டும், போல்ட்டைத் தடுக்கும் நீண்ட ஊசியும் அதோடு வரும். பிறகு மேல்குழாயைச் சுத்தியலால், அதாவது ரப்பர் சுத்தியலால், முன்பக்கமாகத் தட்டிப் பிரிக்க வேண்டும். திரும்பப் பூட்டும்போது ஹேமரின் பின்னால் ஊசலாடுகிற ஒரு சிறு தண்டு, மெயின்ஸ்பிரிங்கின் தலையில் உள்ள குழிக்குள் சரியாகப் போய் உட்கார வேண்டும். அதைக் கண்ணால் பார்க்க முடியாது. கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக்கரண்டியால் துழாவுவது போலத்தான். துப்பாக்கியை ஒரு கோணத்தில் சாய்த்து, விசையை அழுத்தி, தண்டு தானாக ஆடி விழுகிற திசையைக் கணித்துக் கொண்டியை மூட வேண்டும். குறுக்கு ஊசியில் தண்டு மாட்டிக்கொண்டால் எல்லாம் மூடியது போலவே தெரியும், ஹேமர் மட்டும் வேலை செய்யாது. மறுபடி முதலிலிருந்து.

இதனால் நடந்தது என்ன? ஊரில் பாதிப் பேர் தங்கள் ரூகரைக் கழற்றுவதே இல்லை. எங்கள் லீக்கில் ஒரு பெரியவரின் மார்க் 2-வை (ஸ்டாண்டர்டுக்கும் மார்க் 4-க்கும் இடைப்பட்ட ரகம்) வருஷக்கணக்காகக் கழற்றவில்லை என்று அவரே சொன்னார். போல்ட்டை இழுத்து எண்ணெய் விடுவதோடு சரி. .22 தோட்டா அழுக்கான தோட்டா. ஈயத்தில் மெழுகு, கூடவே வெடிமருந்துக் கரி. குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறைக்குள் கரிவளையம் கட்டினால் தோட்டா முழுசாக உள்ளே போகாது, 10 வினாடிச் சுற்றின் நடுவில் நின்றுவிடும்.

மார்க் 4 வந்தது 2016-இல். மேகசினை (தோட்டாப் பெட்டியை) எடுத்து, அறை காலி என்று பார்த்து, ஹேமர் ஏறியிருக்கும்படி வைத்துப் பாதுகாப்புக் கொண்டியைப் போட்டு, பின்னால் உள்ள பொத்தானை அழுத்தினால் மேல்பாகம் முன்கீலில் அப்படியே மேலே சாய்ந்து கையோடு வந்துவிடும். போல்ட் பின்னால் வழுக்கி வெளியே வரும். குழலைப் பின்பக்கத்திலிருந்தே துடைக்கலாம், வாய்ப்பகுதி தேயாது. சுட்டுவிட்டு வந்து காபி ஆறுவதற்குள் வேலை முடிகிறது. அடிக்கடி சுத்தம் செய்வதால் நின்றுபோவது குறைகிறது, நின்றுபோகாததால் கவனம் விசையிலேயே இருக்கிறது. என் வேகச்சுற்றுப் புள்ளிகள் ஏறியதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

மற்றவை சுருக்கமாக. அலுமினியப் பிடியோடு ஏறத்தாழ ஒரு கிலோ எடை, ஐந்தரை அங்குலத் தடித்த குழல், திருகினால் நகரும் பின்குறி, பத்துத் தோட்டா மேகசின் இரண்டு. தகடு பற்றவைத்த கதை போய், பிடி ஒரே கட்டியிலிருந்து கடைந்தெடுத்தது. கடைசித் தோட்டா போனதும் போல்ட் திறந்தே நிற்கும். ஸ்டாண்டர்டில் அது கிடையாது. போல்ட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு பாதுகாப்புக் கொண்டியை மேலே தள்ளினால்தான் திறந்து நிற்கும். இன்னொன்று, ஸ்டாண்டர்டில் பாதுகாப்பு போட்டிருந்தால் போல்ட்டை இழுக்கவே முடியாது, அதனால் தோட்டாவை வெளியே எடுக்கவே பாதுகாப்பை விலக்க வேண்டியிருக்கும். பழையதைப் புதியவர் கையில் கொடுக்கும் முன் இதை நான் கட்டாயம் சொல்லிக் காட்டுவேன்.

குறையும் இருக்கிறது. மார்க் 4-இன் விசை பெட்டியிலிருந்து எடுத்தபடியே நன்றாக இல்லை. கனம் கூடுதல், விடுபடும் முன் ஒரு சிறு இழுபறி. மேகசின் இல்லாவிட்டால் சுடாதபடி உள்ளே ஒரு தடுப்பு இருப்பதும் அந்த இழுபறிக்கு ஒரு காரணம். அதனாலேயே மேகசினும் தானாக விழாமல் தயங்குகிறது. போட்டி விதிப்படி .22-க்கு விசை எடை இரண்டு பவுண்டுக்குக் குறையக்கூடாது. அந்த எல்லைக்குக் கிட்டே போக வேண்டுமென்றால் வோல்க்வார்ட்சன் மாதிரி கம்பெனிகளின் உதிரிபாகங்களுக்குச் செலவழிக்க வேண்டும். என் ஸ்டாண்டர்டின் விசை அறுபது வருடத் தேய்மானத்தில் கண்ணாடிக் குச்சி ஒடிகிற மாதிரி விடுபடுகிறது. நிதானச் சுற்றில் இன்றும் எனக்குக் கை போவது அதற்குத்தான். லூகர் பிஸ்டலை ஒத்த அந்தச் சாய்ந்த பிடி, கையை நீட்டியதும் தானாகவே இலக்கின் நேருக்கு வருகிறது. அவ்வளவு சாயாத கோல்ட் 1911 பிஸ்டலின் பிடிக்குப் பழகியவர்களுக்கு அது மேல்நோக்கும். அவர்கள் 1911 கோணப் பிடியோடு ரூகரே செய்யும் 22/45 ரகத்தைப் பார்க்கலாம்.

இரண்டுக்கும் நான் போடுவது சிசிஐ கம்பெனியின் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி (சாதாரண வேகத் தோட்டா), குண்டின் எடை 40 கிரெயின். அதிவேகத் தோட்டா தாளுக்குத் தேவையில்லை. வீட்டில் வெறும் விசைப் பயிற்சிக்கு, சுவரில் திருகு போடப் பயன்படுத்துகிற மஞ்சள் பிளாஸ்டிக் அடைப்பான் ஒன்றைத் துப்பாக்கியின் தோட்டா அறைக்குள் வைத்துக்கொள்கிறேன். பயிற்சி செய்கிற வீட்டு அறையிலேயே நிஜத் தோட்டா இருக்கக்கூடாது. குழந்தை இருக்கிற வீடு என்றால், ரேஞ்சிலிருந்து வந்ததும் கையைக் குளிர்ந்த நீரில் நன்றாகக் கழுவி, சட்டையை மாற்றிவிட்டுத்தான் தூக்க வேண்டும். தோட்டாவிலும் அதன் பற்றுமருந்திலும் ஈயம் இருக்கிறது.

இங்குள்ள நம் நண்பர்கள் அடிக்கடி கேட்பது சட்டம். எச்-1பி போன்ற விசாவில் இருக்கும்போது துப்பாக்கியோ தோட்டாவோ வாங்குவதும் வைத்திருப்பதும் கூட்டாட்சிச் சட்டப்படி பொதுவாகத் தடை. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. கிரீன் கார்டு வந்தபின் கடையில் 4473 படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து வாங்கலாம். 50 வயது தாண்டிய, மாற்றம் செய்யாத துப்பாக்கிகள் 'கியூரியோ' (சேகரிப்புப் பொருள்) வகையில் வரும். அதற்கான சேகரிப்பாளர் லைசென்ஸ் மூன்று வருடத்துக்கு 30 டாலர். வேறு மாநிலத்திலிருந்தும் நேராக வீட்டுக்கு வரவழைக்கலாம், ஆனால் வந்ததும் போனதும் ஒவ்வொன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும். மாநிலச் சட்டம் தனி, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்க் 4-ஐப் பழையதாக வாங்குகிறவர்களுக்கு ஒன்று. 2017 ஜூனில் கம்பெனியே ஒரு திரும்பப்பெறுதலை அறிவித்தது. பாதுகாப்புக் கொண்டி பாதியில் நிற்கும்போது விசையை அழுத்தினால், பிறகு கொண்டியை நகர்த்துகையில் வெடித்துவிடக்கூடும் என்பது குறை. ஆரம்பகாலத் துப்பாக்கிகளின் வரிசை எண்கள் 401 அல்லது டபிள்யூபிஆர் என்று தொடங்கும், சரிசெய்தபின் வந்தவை 500. எண்ணைப் பார்த்து, பழையதாக இருந்தால் திருத்தம் செய்தாகிவிட்டதா என்று கம்பெனியிடம் கேட்டுக்கொண்டு, அப்புறம் பணம் கொடுங்கள்.