சூரியக் கூடார உலர்த்தி வாங்க நினைக்கும் வாழை விவசாயிகளுக்கு ஓர் எச்சரிக்கை

திருச்சி மாவட்டத்தில் காவிரிக் கரையோரம் இரண்டு ஏக்கரில் கற்பூரவல்லி வாழை பயிரிடும் எனக்கு, தாறின் விலை சரியும் மாதங்களில் பழத்தை உலர்த்தி விற்க வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக இருந்தது. அதை அறிந்து தேடி வந்த ஒரு விற்பனையாளர், 400 சதுர அடியில், வெயில் ஊடுருவும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் தகடுகளாலான கூடார உலர்த்தி அமைத்துத் தருவதாகவும், உலர்ந்த பழத்தைத் தாமே வாங்கிக்கொள்வதாகவும், அரசு மானியத்தைப் பின்னர் பெற்றுத் தருவதாகவும் கூறி, ரூ. 3,20,000 முழுவதையும் முன்கூட்டியே பெற்றுக்கொண்டார்.

நான் முதலில் ஐயப்பட்டிருக்க வேண்டியது அவர் காட்டிய கணக்கைத்தான். 100 கிலோ பழத்துக்கு 40 கிலோ உலர்பழம் கிடைக்கும் என்றார். என் கடன் தவணையையும் அதை நம்பியே வகுத்தேன். தோலை உரித்தால் ஏறக்குறைய 65 கிலோ சதை மிஞ்சும். அதில் முக்கால் பங்கு நீர் என்பதால் திடப்பொருள் 16 கிலோதான். கெடாமல் இருக்க ஈரப்பதம் 20 சதவீத அளவுக்கு இறங்க வேண்டும். அப்போது கையில் நிற்பது 20 கிலோ. 40 கிலோ வரும் என்றால் அதில் 60 சதவீதம் ஈரம் இருக்கிறது, அதாவது அது உலரவே இல்லை என்று பொருள். தாயனூரில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையம் எனக்கு எட்டும் தொலைவில் இருந்தும், பணம் கொடுக்கும் முன் அங்கு சென்று ஒரு வார்த்தை கேட்காதது என் தவறு.

அடுத்த ஏமாற்றம் கூடாரத்திலேயே இருந்தது. ஈரக்காற்றை வெளியேற்றும் விசிறி ஒன்றுகூடப் பொருத்தப்படவில்லை. வெப்பமே போதும் என்று சொல்லிவிட்டார். பகலில் பழத்திலிருந்து எழும் நீராவி வெளியேற வழியின்றி, இரவில் கூரையில் குளிர்ந்து துளித்துளியாகத் தட்டுகளின் மேல் சொட்டியது. மூன்றாம் நாள் பழமெங்கும் பூஞ்சை படர்ந்திருந்தது. துருப்பிடிக்காத எஃகு என்று சொல்லித் தந்த தட்டுகள் துத்தநாகம் பூசிய இரும்பு வலை. காந்தம் உடனே ஒட்டியது. பழத்தின் புளிப்பு துத்தநாகத்தைக் கரைக்கும் என்பதால் அதில் உணவுப் பொருளைப் பரப்பவே கூடாது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு இல்லாத கூரைத் தகடுகள் ஓராண்டுக்குள் மஞ்சளித்து, ஓரங்களில் விரிசல் விட்டன.

மானியம் கேட்டு வேளாண்மைப் பொறியியல் துறைக்குச் சென்றபோது, முன் அனுமதி பெறாமல் ஏற்கெனவே கட்டிவிட்டதற்கு வழங்க இயலாது என்றார்கள். விற்பனையாளரோ உலர்பழத்தை வாங்க ஒருமுறைகூட வரவில்லை.

பின்னர் உள்ளூர் மின்பணியாளரைக் கொண்டு இரண்டு விசிறிகள் பொருத்தியதும், இதே கூடாரத்தில், நல்ல வெயில் காலத்தில் பழம் பொன்னிறமாக உலர்கிறது. ஆகவே உலர்த்தும் முறையின் மீது எனக்குக் குறையில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும், வேறு வெப்ப ஏற்பாடு இல்லாமல் எந்தக் கூடாரத்தையும் நம்ப முடியாது.

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும் என்பதால் மனு தயாரித்து வருகிறேன். ஆனால் என்னிடம் உள்ள ரசீதில் “சோலார் டிரையர் 1” என்பதைத் தவிர வேறு எதுவும் எழுதப்படவில்லை. நீங்கள் வாங்குவதானால் தகட்டின் தடிமன், அதன் பூச்சு, தட்டின் உலோகம், விசிறிகளின் எண்ணிக்கை, உத்தரவாதக் காலம் ஆகிய ஒவ்வொன்றையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுப்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.