ப்ரோ-எல் 2: டான்ஸ் மியூசிக் மாஸ்டரிங்கில் இந்த லிமிட்டர் எதுவரை தாங்கும்?

எலெக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக்கில் ட்ராக் சத்தமாகவும் இருக்க வேண்டும், கிக் விழும்போது நெஞ்சில் அடிக்கவும் வேண்டும். இந்த இரண்டு ஆசையும் மோதிக்கொள்ளும் இடம் மாஸ்டர் சேனலின் கடைசியில் நின்று, ஒலி குறித்த உச்ச அளவைத் தாண்டாமல் பிடிக்கும் லிமிட்டர். ஃபேப்ஃபில்டர் நிறுவனம் 2017 டிசம்பரில் வெளியிட்ட ப்ரோ-எல் 2 லிமிட்டர் பிளக்இன் பற்றி எல்லா வகை இசைக்கும் பொதுவாக நிறையச் சொல்லலாம். இங்கே ஹவுஸ், டெக்னோ, ட்ரான்ஸ், டிரம் அண்ட் பேஸ் போன்றவற்றுக்கு அது எப்படி உழைக்கிறது என்பதை மட்டும் பார்ப்போம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். 2 முதல் 4 டெசிபல் வரை கெயின் ரிடக்‌ஷன் (லிமிட்டர் சத்தத்தை இறக்கும் அளவு) போதும் என்ற நிலையில் மிக்ஸ் வந்து சேர்ந்தால், இதை நம்பிக் கொடுக்கலாம். 6, 7 டெசிபல் இழுத்தால்தான் ட்ராக் எடுபடும் என்றால் எந்த மோடுக்கு மாற்றினாலும் கிக் தட்டையாகிவிடும். அந்தச் சிக்கலுக்கு மருந்து மிக்ஸில்தான் இருக்கிறது. ப்ரோ-எல் 2-இன் பெரிய பலமே, அந்தச் சிக்கல் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்கும் காதுக்கும் காட்டிவிடுவது.

மொத்தம் எட்டு மோடுகள்: ட்ரான்ஸ்பரன்ட், பஞ்சி, டைனமிக், ஆல்ரவுண்ட், அக்ரெசிவ், மாடர்ன், பஸ், சேஃப். நம் இசைக்கு இவற்றில் மூன்றைத்தான் திரும்பத் திரும்பத் தொடுவோம். மாடர்னில் தொடங்குங்கள், பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுவீர்கள். அக்ரெசிவ் கிட்டத்தட்ட கிளிப்பிங் போல நடந்துகொள்ளும். பெரிய அரங்குக்கான டிராப் (பீட்டும் பேஸும் முழு வேகத்தில் இறங்கும் உச்சப் பகுதி), டிஸ்டார்ஷன் நிறைந்த பேஸ் லைன் இருக்கும் ட்ராக்குகளில் அந்தக் கரகரப்பு ஒட்டிக்கொள்ளும், சத்தமும் கூடும். ஆனால் சுத்தமான சைன் அலை சப் பேஸ் நீளமாக ஓடும் டீப் ஹவுஸில் அதே கரகரப்பு பளிச்சென்று வெளியே தெரியும். டைனமிக், லிமிட் செய்வதற்கு முன் ட்ரான்சியன்டுகளை (ஒலி தொடங்கும் கணத்தின் கூர்மையான அடிகளை) கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். கிக் ஏற்கெனவே கூர்மையாக இருந்தால் க்ளிக் சத்தம்தான் மிஞ்சும், மிக்ஸில் மழுங்கிப்போன கிளாப், ஸ்னேர் இருந்தால் உதவும். பஸ் மோடை மாஸ்டரில் போட வேண்டாம். டிரம் குரூப்பில் போட்டுப் பாருங்கள், அங்கே நன்றாக உழைக்கும். சேஃப் டிஸ்டார்ஷனை எப்பாடுபட்டாவது தவிர்க்கப் பார்க்கும் மோடு. அக்கூஸ்டிக் இசைக்கு அது வரம், டான்ஸ் மாஸ்டருக்குச் சத்தம் போதாது.

இனி லுக்அஹெட், அட்டாக், ரிலீஸ். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் கம்ப்ரஸரில் இருக்கும் அட்டாக், ரிலீஸ் மாதிரி இவை வேலை செய்வதில்லை. உள்ளே இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. மிக வேகமான ஒன்று, குறுகிய பீக்குகளை (ஒலியின் உச்சங்களை) உடனே பிடித்து உடனே விடும். இரண்டாவது மெதுவானது, அதற்குப் பெயர் ரிலீஸ் கட்டம். அட்டாக் என்ற குமிழ், அந்த இரண்டாவது கட்டம் எவ்வளவு சீக்கிரம் உள்ளே வர வேண்டும் என்று சொல்கிறது. ரிலீஸ் குமிழ், வந்தபின் எவ்வளவு நேரம் பிடித்து வைக்க வேண்டும் என்று சொல்கிறது.

அட்டாக்கை நீட்டி ரிலீஸைக் குறைத்தால் பெரும்பாலான வேலை வேகமான கட்டத்துக்கே போய்விடும். சத்தமும் பஞ்சும் கூடும், ஆனால் நீண்ட பேஸ் நோட்டுகள் கரகரக்கும். காரணம் எளிது: 50 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்றுக்கு 20 மில்லி செகண்ட் ஆகிறது. அதைவிட வேகமாக லிமிட்டர் பிடித்து விட்டால், கெயின் ஏற்ற இறக்கம் அலையின் ஒவ்வொரு சுற்றுக்குள்ளேயே நடந்து அலையின் வடிவத்தையே மாற்றிவிடும். காதுக்கு அது டிஸ்டார்ஷன். இதற்கு நேர்மாறாக அட்டாக்கைச் சுருக்கி ரிலீஸை நீட்டினால் பேஸ் வழவழப்பாக வரும், ஆனால் கிக் விழுந்தபின் பேடும் வோக்கலும் அமுங்கிக் கிடக்கும்.

ரிலீஸை டெம்போவோடு சேர்த்து யோசிப்பது நல்லது. 128 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 128 பீட்) ஒரு பீட் சுமார் 469 மில்லி செகண்ட், ஆஃப் பீட் ஹை-ஹாட் 234-இல் விழும். 174 பிபிஎம் டிரம் அண்ட் பேஸில் ஒரு பீட்டே 345 மில்லி செகண்ட்தான். கிக்குக்காக இறங்கிய கெயின் ஆஃப் பீட் வருவதற்குள் பழைய இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். ஒவ்வொரு கிக்குக்கும், லிமிட்டர் இறக்கும் அளவைக் காட்டும் சிவப்புக் கோடு இறங்குவதும் ஏறுவதும் திரையில் தெளிவாகத் தெரியும். இரண்டு கிக்குக்கு நடுவில் அந்தக் கோடு பூஜ்யத்தைத் தொடாமலேயே அடுத்த கிக்குக்கு இறங்கினால் ரிலீஸ் நீளம், அல்லது பேஸ் தடிமன். ரிலீஸைக் குறைத்தும் கோடு ஏறவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம், பேஸ்தான்.

வரப்போகும் பீக்கை லிமிட்டர் முன்கூட்டியே பார்க்கும் நேரம்தான் லுக்அஹெட். அதை 0.5 முதல் 1.5 மில்லி செகண்டுக்குள் வைத்துத் தொடங்கலாம். குறைக்கக் குறைக்க ட்ரான்சியன்ட் தப்பிக்கும், சத்தமும் கூடும், கூடவே டிஸ்டார்ஷனும் வரும். கூட்டினால் பாதுகாப்பு அதிகம், கிக்கின் முனை மழுங்கும்.

பேஸ்தான் காரணம் என்று தெரிந்தால், லிமிட்டரை விட்டு எழுந்து மிக்ஸுக்குப் போக வேண்டும். ஒரு கணக்கைப் பார்ப்போம். கிக்கின் பீக் 0.5, சப் பேஸின் பீக் 0.5, இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் சேர்ந்தால் 1.0. கிக் விழும் நேரத்தில் மட்டும் பேஸை சைட்செயினில் (கிக்கின் ஒலியே பேஸைத் தணிக்கும் ஏற்பாட்டில்) 6 டெசிபல் இறக்கினால் பேஸ் 0.25 ஆகும், கூட்டுத்தொகை 0.75. அதாவது பீக் 2.5 டெசிபல் குறைந்துவிட்டது. லிமிட்டர் வெட்ட வேண்டியிருந்த 2.5 டெசிபலை, கிக்கைத் தொடாமலேயே சம்பாதித்தாயிற்று. கிக்கின் வால் பகுதியை 30, 40 மில்லி செகண்ட் சுருக்கினாலும் இதே திசையில் பலன் கிடைக்கும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் மோனோவாக்கிவிடுங்கள். ஆனால் மாஸ்டரில் 30 ஹெர்ட்ஸில் செங்குத்தான ஹை-பாஸ் (தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டும் ஃபில்டர்) போட்டால் ஹெட்ரூம் (உச்ச வரம்புக்குக் கீழே மீதமிருக்கும் இடம்) கிடைத்துவிடும் என்று நம்பாதீர்கள். அது ஃபேஸைத் திருப்புவதால் பீக் சில சமயம் முன்பைவிட உயர்ந்துவிடும். திரையில் பீக் எண்ணைப் பார்த்தபடி ஆன், ஆஃப் செய்து சரிபாருங்கள்.

ப்ரோ-எல் 2-இல் உண்மையான குறை ஒன்று உண்டு: தனியாக ஒரு கிளிப்பர் கிடையாது. லிமிட்டர் கிக்கின் பீக்கைப் பிடிக்கும்போது அந்தக் கணத்தில் லீட், பேட், வோக்கல் எல்லாவற்றையும் சேர்த்தே இறக்குகிறது. கிளிப்பர் அந்த முனையை மட்டும் சீவிவிட்டுப் போகும். முனை ஓரிரு மில்லி செகண்டுக்குள் முடிந்தால் காதுக்கு அது தெரியாது. அதனால் டிரம் குரூப்பில் ஒரு கிளிப்பர் வைத்து 1 முதல் 2 டெசிபல் சீவி, பிறகு ப்ரோ-எல் 2-க்கு அனுப்புவதுதான் சரியான வரிசை. கிளிப்பரிலும் ஓவர்சாம்பிளிங் (உள்ளே கூடுதல் சாம்பிள் வேகத்தில் கணக்கிடுவது) போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் மேல் அதிர்வெண்கள் மடங்கித் திரும்பி வந்து ஹை-ஹாட் பகுதியில் அழுக்காகத் தங்கும். ஐசோடோப் ஓசோனின் புதிய பதிப்புகளில் மேக்சிமைசருக்குள்ளேயே சாஃப்ட் கிளிப் வந்துவிட்டது. ஒரே பெட்டியில் எல்லாம் வேண்டும் என்பவர்களுக்கு அது வசதி. ஆனால் எது எங்கே நடக்கிறது என்று பிரித்துப் பார்க்க, கிளிப்பர் தனி, லிமிட்டர் தனி என்ற ஏற்பாடே மேல்.

ட்ரூ பீக் பொத்தானைப் பற்றித் தீராத வாதம் நடக்கிறது. டிஜிட்டலில் இரண்டு சாம்பிளுக்கு நடுவில் அலை எவ்வளவு உயர்கிறது என்பது சாதாரண பீக் மீட்டரில் தெரியாது. ஸ்பீக்கருக்குப் போகும்போதும், எம்பி3, ஏஏசி என்று சுருக்கும்போதும் அந்த உயரம் வெளியே வரும். கடினமாக லிமிட் செய்த டான்ஸ் மாஸ்டரில் அது 1 டெசிபலுக்கு மேலேயே போகலாம். ட்ரூ பீக்கை ஆன் செய்தால் லிமிட்டர் அதையும் பிடித்துவிடும், ஆனால் கிக், கிளாப் இரண்டும் ஒரு சுற்று மென்மையாகும். டிஜேக்களுக்கு அனுப்பும் வேவ் ஃபைலுக்கு ட்ரூ பீக் ஆஃப், அவுட்புட் மைனஸ் 0.3 என்று பலர் வைப்பதன் காரணம் இதுதான், காதுக்கு அது நியாயமாகவும் படுகிறது. ஸ்ட்ரீமிங்குக்கான ஃபைலில் ஆன் செய்யுங்கள். ஸ்பாட்டிஃபை மைனஸ் 1 டெசிபல் ட்ரூ பீக் கேட்கிறது, மாஸ்டரின் லவுட்னஸ் (காது உணரும் சராசரிச் சத்தம், எல்யூஎஃப்எஸ் அலகில்) மைனஸ் 14-ஐவிட அதிகமாக இருந்தால் மைனஸ் 2 கேட்கிறது. டான்ஸ் ட்ராக்குகள் பெரும்பாலும் அந்த இரண்டாவது வகையில்தான் வரும்.

ஓவர்சாம்பிளிங் 32 மடங்கு வரை போகும். 4 மடங்கு போதும். அதற்கு மேல் சிபியு சுமையும் லேட்டன்சியும் ஏறுமே தவிர, காதுக்குக் கிடைப்பது மிகக் குறைவு. கேட்கும்போது ஒன்று, எக்ஸ்போர்ட் செய்யும்போது வேறொன்று என்று மாற்றாதீர்கள். எதைக் கேட்டு ஒப்புக்கொண்டீர்களோ அதையே ஃபைலாக எடுங்கள். கீபோர்டில் வாசித்துப் பதிவு செய்யும் நேரத்தில் இந்த பிளக்இன்னை முழுவதும் நீக்கிவிடுங்கள், தாமதம் விரலுக்குத் தெரியும்.

லவுட்னஸ் மீட்டர்தான் முந்தைய பதிப்பிலிருந்து இதற்கு மாறுவதற்கான முதல் காரணம். மொமென்டரி 400 மில்லி செகண்ட், ஷார்ட் டேர்ம் 3 செகண்ட், இன்டகிரேட்டட் முழு ட்ராக் என மூன்றையும் லவுட்னஸ் அளவீட்டுக்கான சர்வதேசத் தரமான பிஎஸ்.1770 முறைப்படி அளக்கிறது. டான்ஸ் ட்ராக்கில் இன்டகிரேட்டட் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுத்தால் ஏமாந்துவிடுவோம். நீளமான இன்ட்ரோ, பிரேக்டவுன் எல்லாம் அந்தச் சராசரியை இறக்கிவிடும். கேட்டிங் இருந்தும், மொத்த அளவைவிட 10 எல்யூவுக்கு (லவுட்னஸ் அலகு) மேல் தாழ்ந்த பகுதிகளைத்தான் அது ஒதுக்கும், மற்றவை கணக்கில் தங்கிவிடும். டிராப் ஓடும்போது ஷார்ட் டேர்மைப் பாருங்கள், ரெஃபரன்ஸ் ட்ராக்கின் டிராப்போடு அதை ஒப்பிடுங்கள். இன்டகிரேட்டட் வேண்டுமென்றால் மீட்டரை ரீசெட் செய்து முதல் பாரிலிருந்து கடைசி வரை நிறுத்தாமல் ஓட விடுங்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இந்த அளவீட்டு முறை மிகத் தாழ்ந்த அதிர்வெண்களுக்குக் குறைந்த எடை தருகிறது. சப் பேஸ் கனமான ட்ராக்கில் லிமிட்டர் சிவப்பாக மூச்சு வாங்கும், எல்யூஎஃப்எஸ் எண்ணோ நகராது. கெயினை மேலும் ஏற்றுவதற்குப் பதில் சப் பேஸுக்குக் கொஞ்சம் சாச்சுரேஷன் (மெல்லிய டிஸ்டார்ஷன்) கொடுத்து 100 முதல் 200 ஹெர்ட்ஸில் ஹார்மோனிக்ஸ் (மேல் சுருதிகள்) வரவழையுங்கள், சப்பை 1 டெசிபல் இறக்குங்கள். சிறிய ஸ்பீக்கரிலும் பேஸ் கேட்கும், மீட்டரும் ஏறும்.

1:1 பொத்தானை விட்டுவிட்டால் இந்த விமர்சனம் முழுமையாகாது. கெயினை ஏற்றிய அளவுக்கு வெளியே வரும் சத்தத்தை அது இறக்கிக் கொடுக்கும். அப்படிச் சம அளவில் பைபாஸ் செய்து கேட்டால்தான் லிமிட்டர் எதைத் தின்றது என்று தெரியும். சத்தம் கூடினால் எல்லாமே நன்றாகத்தான் கேட்கும், அந்த மயக்கத்தை உடைக்க இதைவிட நல்ல வழி இல்லை. பக்கத்தில் இருக்கும் ஆடிஷன் பொத்தான், லிமிட்டர் சேர்த்த மாற்றத்தை மட்டும் தனியே கேட்க வைக்கும். அதில் குட்டி டிக், டிக் என்று கேட்டால் நல்லது. பேஸ் நோட்டின் சுருதியே அடையாளம் தெரிகிற அளவுக்குக் கேட்டால் அதிகமாக இழுக்கிறீர்கள். எக்ஸ்போர்ட்டுக்கு முன் இரண்டையும் அணைத்துவிடுங்கள், 1:1 ஆனிலேயே ஃபைல் வெளியே போவது அடிக்கடி நடக்கிற தவறு.

இடது, வலது சேனல்களைச் சேர்த்தே இறக்க வைக்கும் சேனல் லிங்க்கிங்கில் ட்ரான்சியன்டுக்கு ஒன்று, ரிலீஸுக்கு ஒன்று என இரண்டு கட்டுப்பாடுகள். ரிலீஸை முழுதாக இணைத்து வையுங்கள். ட்ரான்சியன்டைத் தளர்த்தினால் இடது, வலது பீக்குகள் தனித்தனியாகப் பிடிபட்டு அகலமான சூப்பர்சா (பல சா-டூத் அலைகளை அடுக்கிய சிந்த் ஒலி) கொஞ்சம் திறக்கும், ஆனால் நடுவில் நிற்கும் கிக் ஒரு பக்கம் சாய்வதுபோல் பட்டால் உடனே திரும்ப இணைத்துவிடுங்கள். டிதர் (பிட் குறைக்கும்போது சேர்க்கும் மிகச் சிறு இரைச்சல்) 16 பிட்டுக்கு இறக்கும் ஃபைலுக்கு மட்டும், அதுவும் ஒரே ஒரு முறை.

வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு 30 நாள் முழு ட்ரையல் இருக்கிறது. ஏற்கெனவே முடித்த ட்ராக் ஒன்றையும், அதே வகையில் நீங்கள் மதிக்கும் ஒரு ரெஃபரன்ஸையும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மிக்ஸை லிமிட்டர் இல்லாமல் எக்ஸ்போர்ட் செய்து, இப்போது கையில் இருக்கும் லிமிட்டரிலும் ப்ரோ-எல் 2-இன் மாடர்னிலும் டிராப்பின் ஷார்ட் டேர்ம் ஒரே எண்ணுக்கு வரும்படி வைத்து, இரண்டையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். 3 டெசிபல் ரிடக்‌ஷனில் வித்தியாசம் தெரியவில்லை என்றால் பழையதையே வைத்துக்கொண்டு அந்தப் பணத்தை அறையின் பேஸ் ட்ராப்புகளுக்கு (தாழ்ந்த ஒலியை உறிஞ்சும் பலகைகள்) செலவிடுங்கள். கிக்கின் முனையும் ஆஃப் பீட் ஹாட்டும் மாடர்னில் தெளிவாக நின்றால், வாங்கலாம்.