ஐ7-ஆ, இக்யூஎஸ்-ஆ? முதலில் பின் இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள்

பிஎம்டபிள்யூ ஐ7 எக்ஸ்டிரைவ்60, மெர்சிடிஸ் இக்யூஎஸ் 580 4மேட்டிக் என்ற இரண்டு மின்சாரச் சொகுசுக் கார்களில் எது என்று தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் குதிரைத்திறனில்தான் தொடங்குவார்கள். ஐ7-க்கு 544, இக்யூஎஸ்ஸுக்கு 523. நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட முன்னதற்கு 4.7 விநாடி, பின்னதற்கு 4.3. இந்தக் கணக்கை ஓரமாக வைத்துவிடலாம். இரண்டரை டன் எடையுள்ள சொகுசுக் காரை அரை விநாடிக்காக யாரும் வாங்குவதில்லை. நீங்கள் ஓட்டப் போகிறீர்களா, பின்னால் உட்கார்ந்து போகப் போகிறீர்களா என்பதை முடிவு செய்தாலே பாதித் தேர்வு முடிந்துவிடும். இங்கே சொல்லும் அளவுகள் 2022-ஐ ஒட்டி விற்பனைக்கு வந்த வடிவங்களுக்கானவை. மாடல் ஆண்டு மாறினால் பேட்டரி அளவும் மாறும் என்பதால், ஆர்டர் தாளில் அதை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஐ7-க்கென்று தனி உடல் கிடையாது. பெட்ரோல் 7 சீரிஸின் அதே உடல்தான், 5,391 மி.மீ. நீளம். பேட்டரியை 110 மி.மீ. உயரத்துக்குள் அடக்கியிருக்கிறார்கள். கூரையும் உயரம் என்பதால் பின்னால் உட்காருகிறவருக்குத் தலையும் முழங்காலும் இடிப்பதில்லை. இக்யூஎஸ் தொடக்கத்திலிருந்தே மின்சாரக் காராக வரையப்பட்டது. வில் போல வளைந்து இறங்கும் கூரையால் அதன் காற்று எதிர்ப்புக் குணகம் 0.20 வரை குறைகிறது; ஐ7-ல் அது 0.24. அந்த வளைவுக்கு விலை கொடுப்பவர் பின் இருக்கைக்காரர். இரண்டு கார்களின் வீல்பேஸும், அதாவது முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரமும், ஏறக்குறைய ஒன்றுதான், 3,215 மி.மீ.யும் 3,210 மி.மீ.யும். ஆனால் இக்யூஎஸ்ஸில் தரை சற்று மேலேறி நிற்பதால் முழங்கால் தூக்கிக்கொள்ளும், தொடையின் அடிப்பகுதி இருக்கையில் படியாது. கால் நீட்ட இடமிருந்தும் ஒரு மணி நேரத்தில் இடுப்பு கனக்கத் தொடங்குவது இதனால்தான்.

ஷோரூமில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். முன் இருக்கையை ஓட்டுபவரின் உயரத்துக்குச் சரிசெய்துவிட்டு, வீட்டிலேயே உயரமானவரைப் பின்னால் உட்காரச் சொல்லுங்கள். தொடைக்கும் இருக்கைக்கும் நடுவில் கை நுழைகிறதா, பாதம் முன் இருக்கைக்கு அடியில் போகிறதா, நிமிர்ந்து சாய்ந்தால் தலை கூரையைத் தொடுகிறதா என்று பாருங்கள். இரண்டு நிமிடத்தில் எழுந்துவிடக் கூடாது, கால்மணி நேரமாவது உட்கார வேண்டும்.

ஐ7-ன் கூரையிலிருந்து இறங்கும் 31.3 அங்குலத் திரையைப் பார்த்ததும் மயங்காதவர் குறைவு. திரை இறங்கிவிட்டால் ஓட்டுநரின் உள் கண்ணாடியில் பின்பக்கம் சுத்தமாகத் தெரியாது. முகத்துக்கு மிக அருகில் இருப்பதால், வளைவு நிறைந்த சாலையில் சிலருக்குக் குமட்டும். பணம் ஒன்றுக்குத்தான் என்றால் திரையை விட்டுவிட்டு எக்ஸிகியூட்டிவ் லவுஞ்ச் இருக்கையை எடுங்கள். முன் பயணி இருக்கை தானாக முன்னே நகர்ந்து வழிவிட, பின்னால் இருப்பவர் கால் நீட்டிச் சாய்ந்துகொள்ளலாம். அந்த நேரத்தில் முன் பயணி இருக்கையில் யாரும் உட்கார முடியாது. ஆகவே நான்கு பேராகப் போகும் குடும்பத்துக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

நெடுஞ்சாலையில் இக்யூஎஸ்ஸின் கை ஓங்குகிறது. அதன் பயன்படு பேட்டரி 107.8 யூனிட், அதாவது கிலோவாட் ஹவர். 2024-க்கான மேம்படுத்தலில் அது 118 ஆனது. ஐ7-ல் 101.7. வேகம் கூடக் கூட காற்று எதிர்ப்புதான் மின்சாரத்தைத் தின்னும். 120 கி.மீ. வேகத்தில் ஐ7 நூறு கிலோமீட்டருக்கு 23 யூனிட்டும் இக்யூஎஸ் 21 யூனிட்டும் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். நெடும்பயணத்தில் யாரும் நூறிலிருந்து பூஜ்யம் வரை ஓட்டுவதில்லை. 80 சதவீதத்திலிருந்து 10 வரைதான் நடைமுறை. அந்த 70 சதவீதத்தில் ஐ7 சுமார் 310 கி.மீ. போகும், இக்யூஎஸ் 360. சோதனைச் சான்றில் இருக்கும் 600-ஐத் தாண்டிய எண்களைவிட இந்த இரண்டும்தான் பயணத் திட்டத்துக்கு உதவும். கடுங்குளிரிலும் எதிர்க்காற்றிலும் இதற்கும் கீழே இறங்கும்.

வேகச் சார்ஜிங்கில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஐ7 அதிகபட்சம் 195 கிலோவாட், இக்யூஎஸ் 200. சார்ஜர் மேல் 350 என்று எழுதியிருந்தாலும் இந்த அளவுகளுக்கு மேல் ஏறாது. இரண்டுமே 400 வோல்ட் வகைக் கார்கள். சிசிஎஸ் எனப்படும் வேகச் சார்ஜிங் இணைப்பின் கேபிள் வழக்கமாகத் தரும் உச்ச மின்னோட்டம் 500 ஆம்பியர், 400-ஐ 500-ஆல் பெருக்கினால் 200 கிலோவாட். அதே கேபிளில் 800 வோல்ட் காருக்கு இரு மடங்கு போகும். இந்த இரண்டும் 10-லிருந்து 80 சதவீதத்துக்கு முப்பது நிமிடத்தைச் சற்றுத் தாண்டும். ஐ7-க்கு 34, இக்யூஎஸ்ஸுக்கு 31 என்பது தயாரிப்பாளர் கணக்கு. அந்த நேரம் கிடைக்க, பேட்டரி சரியான சூட்டில் இருக்க வேண்டும். சார்ஜிங் நிலையத்தைக் காரின் சொந்த நேவிகேஷனில் இலக்காகக் கொடுத்தால்தான் கார் முன்கூட்டியே பேட்டரியைத் தயார் செய்யும். போனில் உள்ள வரைபடத்தை மட்டும் நம்பிப் போனால் குளிர்ந்த பேட்டரியோடு நின்று, "சார்ஜர் சரியில்லை" என்று திட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வீட்டில் மூன்று ஃபேஸ் இணைப்பு இருந்தால் 11 கிலோவாட்டில் இரண்டுமே பத்து மணி நேரத்தைச் சுற்றி நிரம்பும். ஒற்றை ஃபேஸில் 32 ஆம்பியர் என்றால் 7.4 கிலோவாட், பதினான்கு பதினைந்து மணி நேரம். காருக்கு முன்பணம் கட்டும் முன்பே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அனுமதிக்கப்பட்ட லோடு, கேபிளின் தடிமன், எர்த்திங் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். காருக்குள் இருக்கும் 22 கிலோவாட் ஏசி (வீட்டு மின்சார வகை) சார்ஜர் சில சந்தைகளில் கூடுதல் வசதியாகக் கிடைக்கும். வீட்டில் 32 ஆம்பியர் மூன்று ஃபேஸ் இல்லாதவருக்கு அது வீண் செலவு.

சாமான் வைப்பதில் இக்யூஎஸ் தெளிவாக முன்னே. பின் கண்ணாடியோடு சேர்ந்து திறக்கும் கதவு, 610 லிட்டர். ஐ7 வழக்கமான டிக்கிதான், 500 லிட்டர். இக்யூஎஸ்ஸின் போனட்டை உரிமையாளர் திறக்க முடியாது, அது சர்வீஸ்காரர்களுக்கு மட்டும். வைப்பர் தண்ணீரைப் பக்கவாட்டில் இருக்கும் சிறு மூடியைத் திறந்து ஊற்ற வேண்டும்.

இனி ஓட்டுவது. இக்யூஎஸ்ஸில் பின் சக்கரங்களும் 4.5 டிகிரி வரை திரும்பும், 10 டிகிரி வசதி எடுத்தால் திருப்ப விட்டம் 10.9 மீட்டராகச் சுருங்கும். ஐந்தேகால் மீட்டர் கார் சிறு ஹாட்ச்பேக் போலத் திரும்புவது ஆச்சரியம்தான். ஆனால் சுவரோரம் ஒட்டி நிறுத்தியதை வெளியே எடுக்கும்போது பின்பகுதி சுவர்ப் பக்கம் ஒதுங்கும், ஆரம்பத்தில் கவனம் தேவை. ஐ7-ல் பின் சக்கரத் திருப்பம் 3.5 டிகிரிதான். பிரேக்கில் ஐ7 மேல். இக்யூஎஸ்ஸில் கார் தானாக வேகம் குறைக்கும்போது பிரேக் பெடலும் தானே உள்ளே இறங்கும், கால் எதிர்பார்க்கும் இடத்தில் அது இருக்காது. டெஸ்ட் டிரைவில் 60 கி.மீ. வேகத்தில் காலை எடுத்து, கார் மெதுவாகும் நேரத்தில் பிரேக்கைத் தொட்டுப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் பழகிவிடும் என்று விடாதீர்கள், சிலருக்கு அது பழகுவதே இல்லை.

டயர் செலவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஐ7-ன் 21 அங்குலச் சக்கரத்தில் முன்னே 255, பின்னே 285 அகலம், முன்பின் மாற்றிப் போட முடியாது. இக்யூஎஸ்ஸின் 21 அங்குலத்தில் நான்கும் 265. இந்த எடைக்கு டயர் வேகமாகத் தேயும் என்பதால் மாற்றிப் போட முடிவது நல்ல மிச்சம். பள்ளம் மிகுந்த சாலையென்றால் எந்தக் காரிலும் சக்கரத்தை ஓர் அளவு குறைத்தே எடுங்கள்.

பேட்டரிக்கு மெர்சிடிஸ் தரும் உத்தரவாதம் பெரும்பாலான சந்தைகளில் 10 ஆண்டு அல்லது 2,50,000 கி.மீ., பிஎம்டபிள்யூ 8 ஆண்டு அல்லது 1,60,000. இருந்தும் இந்த வகைக் கார்களின் மறுவிற்பனை மதிப்பு முதல் மூன்று ஆண்டுகளில் பலமாகச் சரிகிறது. அதனால் புதிதாக வாங்குவதைவிட லீஸ் அல்லது இரண்டு மூன்று வயதான கார் என் பரிந்துரை. பழையது எடுப்பவர் பேட்டரி நலன் அறிக்கையை எழுத்தில் வாங்க வேண்டும். இரவு முழுக்க நிறுத்திய காரைக் காலையில் போய்ப் பாருங்கள், ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தால் காரைத் தாங்கும் காற்றுப் பைகளில், அதாவது ஏர் சஸ்பென்ஷனில், காற்று கசிகிறது. லிஃப்டில் ஏற்றி பேட்டரியின் அடித்தட்டில் நசுங்கல் இருக்கிறதா என்று பார்ப்பதும், 12 வோல்ட் பேட்டரியின் வயதைக் கேட்பதும் அவசியம். மின்சாரக் கார் திடீரென்று உயிரற்று நிற்பதற்குப் பல நேரம் பெரிய பேட்டரி காரணமில்லை, இந்தச் சின்னதுதான்.

ஓட்டுநர் வைத்துப் பின்னால் போகிறவர், வயதான பெற்றோரை ஏற்றிப் போகிறவர் ஐ7 எடுக்கட்டும். மாதத்தில் பல முறை முந்நூறு கிலோமீட்டரைத் தாண்டித் தானே ஓட்டுகிறவருக்கு, அந்தப் பிரேக் ஒத்துவருமானால், இக்யூஎஸ். அவர்களும் 2024-க்குப் பிந்தைய 118 யூனிட் பேட்டரிக் காரையே தேடுவது நல்லது.