ஏ1 விடுதலையானால் ஏ2 மேல் வழக்கு நிற்குமா?

“ஏ1-ஐயே விட்டுட்டாங்க, அப்புறம் என் மேல என்ன கேஸ்?” சேலம் கோர்ட்டுப் பக்கம் போய்வருகிறவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஒரே வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட முதல் ஆள் ஏ1, இரண்டாம் ஆள் ஏ2. எல்லோரும் ஒன்றாகக் கூண்டில் நின்றால் ஒரே தீர்ப்போடு கதை முடிந்துவிடும். ஒருவர் தலைமறைவானால் அவர் பங்கை மட்டும் பிரித்து வைத்துவிட்டு, கையில் கிடைத்தவர் மீது விசாரணை நடக்கும். கிடைத்தவர் விடுதலையான பிறகு ஓடியவர் திரும்பி வருவார், தீர்ப்பு நகலோடு.

ஒரு கற்பனை வழக்கு. ஏற்காட்டில் ஒரு தோட்டக் கிடங்கில் இரவோடு இரவாக மிளகு மூட்டைகள் காணாமல் போகின்றன. சேலம் லீ பஜாரில் விற்கப் பார்த்தார் என்று ஏ1-ஐப் பிடிக்கிறார்கள். ஏ2 பெங்களூரு பக்கம் போய்விட்டார். ஏ1 விடுதலை. இனி ஏ2-வை என்ன செய்வது?

மூன்று வழிகள் உண்டு. முதலாவது, ஏ1 விடுதலையானால் ஏ2-வும் விடுதலை என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அரசுக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது, நிரூபிக்க முடியவில்லை, அதே கதையை இன்னொரு ஆள் மேல் ஏன் மறுபடி ஓட்ட வேண்டும்? 2023-இல் ஜாவேத் ஷௌகத் அலி குரேஷி வழக்கில் உச்ச நீதிமன்றமும், ஒரே மாதிரியான சாட்சியமும் ஒரே மாதிரியான பங்கும் இருக்கும்போது ஒருவரைத் தண்டித்து மற்றவரை விடக் கூடாது என்றது. ஆனால் அது எல்லோரும் ஒன்றாக விசாரிக்கப்பட்ட வழக்கு, ஒரே சாட்சியம். பிரித்து நடக்கும் வழக்குக்கு அதை அப்படியே தூக்கிக்கொண்டு வர முடியாது.

இந்த வழியில் எனக்குப் பெரிய உறுத்தல் ஒன்று. ஏ1 தண்டிக்கப்பட்டிருந்தால் ஏ2 என்ன சொல்வார்? “அந்தத் தீர்ப்பு என்னைக் கட்டாது, அந்தச் சாட்சிகளை நான் குறுக்கு விசாரணை செய்யவே இல்லை” என்பார். சரியான வாதம், சட்டமும் ஒப்புக்கொள்ளும். அப்படியானால் விடுதலை மட்டும் எப்படி அவரைக் கட்டும்? வாரண்டுக்கு ஒளிந்து ஊர் சுற்றியவருக்கு, ஒழுங்காக வாய்தாவுக்கு வந்து நின்றவரின் உழைப்பில் கிடைத்த பலனைத் தூக்கிக் கொடுப்பதாகவும் ஆகிவிடும்.

இரண்டாவது வழி நேரெதிர்: ஏ1 தீர்ப்புக்கும் ஏ2 வழக்குக்கும் சம்பந்தமே இல்லை. ஒரே குற்றத்துக்காக ஒருவரை மறுபடி வழக்குக்கு இழுக்கக் கூடாது என்னும் அரசியலமைப்பின் 20(2) பிரிவானாலும், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 300, இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 337 பிரிவுகளானாலும், ஏற்கெனவே விசாரணையைச் சந்தித்தவரை மட்டுமே காக்கின்றன. ராஜன் ராய் எதிர் பீகார் வழக்கில் உச்ச நீதிமன்றம், தனி விசாரணையில் உடன் எதிரி (அதே குற்றம் சாட்டப்பட்ட மற்றவர்) பெற்ற விடுதலை இன்னொருவர் வழக்கில் சாட்சியமாகாது, ஒவ்வொரு வழக்கும் அதனதன் சாட்சியத்தில்தான் முடிவாகும் என்றது.

அமெரிக்காவிலும் இதே நிலைதான். கல்ஃப் ஆயில் நிறுவனத்தின் வரிப் பிரிவுத் தலைவர் ஸ்டாண்டிஃபர், வரித்துறை அதிகாரி ஒருவரின் உல்லாசப் பயணச் செலவை நிறுவனத்தின் தலையில் கட்டினார் என்று வழக்கு. அந்த அதிகாரி சில குற்றச்சாட்டுகளில் விடுதலை ஆனார். அதே பயணங்களுக்கு உடந்தை என்று தன்னைத் தண்டிக்கலாமா என்று ஸ்டாண்டிஃபர் கேட்டார். தண்டிக்கலாம் என்று 1980-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. அரசால் விடுதலையை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியாது, ஜூரிகள் (தீர்ப்புச் சொல்ல அமர்த்தப்படும் பொதுமக்கள்) இரக்கப்பட்டும் விடுவார்கள், ஒருவருக்கு எதிராக ஏற்க முடியாத சாட்சியம் மற்றவருக்கு எதிராகச் செல்லலாம் என்பவை காரணங்கள்.

நம் வழக்கறிஞர்கள் இதை மேற்கோள் காட்டும்போது கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இங்கே ஜூரி இல்லை, நீதிபதி காரணம் எழுதித்தான் தீர வேண்டும். விடுதலையை எதிர்த்து அரசு மேல்முறையீடும் செய்யலாம். ஆக அமெரிக்கக் காரணங்களில் முக்கியமான இரண்டு இங்கே செல்லாது. சாட்சியம் பற்றிய மூன்றாவது மட்டும் நிற்கும்.

அதனால்தான் நான் மூன்றாவது வழிக்கு வருகிறேன். விடுதலை ஆனாரா என்று பார்க்காதே, ஏன் விடுதலை ஆனார் என்று பார். கேரள உயர் நீதிமன்ற முழு அமர்வு மூசா வழக்கில் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னது: உடன் எதிரியின் விடுதலை மட்டுமே வழக்கை ரத்து செய்யக் காரணமாகாது, வழக்கின் அடித்தளமே நொறுங்கிப்போன அரிதான நேரங்களில் ரத்து செய்யலாம்.

மிளகுக் கிடங்குக்குத் திரும்பினால் இது எளிதில் பிடிபடும். ஏ1-ஐ யாரும் அடையாளம் காட்டவில்லை, அதனால் விடுதலை என்று வைப்போம். பூட்டில் பதிந்த கைரேகை ஏ2-வுடையது என்றால் அந்தத் தீர்ப்பு அவரைத் துளியும் காப்பாற்றாது. மாறாக, மூட்டைகள் முன்பே விற்றுப் போனவை என்று தோட்டத்து இருப்புப் பதிவேடே காட்டி, திருட்டே நடக்கவில்லை என்று நீதிபதி எழுதியிருந்தால்? அரசும் அதை எதிர்த்து மேலே போகவில்லை என்றால்? நடக்காத திருட்டுக்கு ஏ2-வை அஸ்தம்பட்டி கோர்ட்டுக்கு அலையவிடுவதில் அர்த்தமே இல்லை.

சிக்கல், சாட்சிகள் பிறழ்ந்து போன வழக்குகளில்தான். காவலாளி “நான் எதையும் பார்க்கலை” என்கிறார், பொருளைக் கைப்பற்றியபோது போலீஸ் எழுதிய மகஜரில் கையெழுத்திட்ட சாட்சி “வெறும் தாளில் கையெழுத்துப் போட்டேன்” என்கிறார். ஏ1-க்கு விடுதலை. இதில் நீதிமன்றம் எதையும் கண்டறியவில்லை, கண்டறிய ஒன்றும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அதே சாட்சிகள்தானே மறுபடி வருவார்கள், நேர விரயம் என்று ரத்து கேட்பார்கள். ஓடி ஒளியாதவர், வேறு காரணத்தால் வழக்கு பிரிந்தவர் கேட்டால் நான் ஒப்புக்கொள்வேன். தலைமறைவானவர் கேட்டால் மாட்டேன். அவர் விசாரணையைச் சந்திக்கட்டும்.

கூட்டுச்சதி மட்டும் இதில் சேராது. சதிக்குக் குறைந்தது இருவர் வேண்டும். பெயர் சொல்லப்பட்ட மற்ற எல்லோரும் விடுதலையான பின் ஒருவரை மட்டும் சதிக்காகத் தண்டிக்க முடியாது என்று தோபன்தாஸ் வழக்கில் 1955-லேயே தீர்ப்பாகிவிட்டது. தூண்டுதல் அப்படியல்ல. செய்தவர் விடுபட்டாலும் தூண்டியவர் மாட்டலாம் என்பதற்கு ஜமுனா சிங் வழக்கு இருக்கிறது.

ஆகவே வழக்கை ரத்து செய்யக் கேட்டுத் தீர்ப்பு நகலோடு உயர் நீதிமன்றம் போகிறவர்கள் கடைசிப் பக்கத்தின் ‘விடுதலை’ என்ற வரியை மட்டும் கோடிட்டுக் கொடுக்க வேண்டாம். அதற்கு முந்தைய பத்திகளில் நீதிபதி நம்பாதது ஏ1-இன் பங்கையா, சம்பவத்தையேவா என்று காட்ட வேண்டும். அரசுத் தரப்பும், ஏ1 விடுதலையை எதிர்த்து ஏன் மேல்முறையீடு செய்யவில்லை, ஏ2-வுக்கு எதிராகத் தனியாக என்ன வைத்திருக்கிறோம் என்ற இரண்டுக்கும் பதில் தயார் செய்துகொண்டு வருவது நல்லது.