காரைக்குடி கல்யாணச் சமையல்: கேட்டுச் செய்கிற குழு

எங்கள் மகளுக்குச் சுயமரியாதைத் திருமணம். சமையலுக்கு முதலில் பேசிய காண்டிராக்டர் விஷயத்தைக் கேட்டதுமே மெனுவை அவரே முடிவு செய்துவிட்டார். "சாமி இல்லாத கல்யாணமா, அப்ப பிரியாணிதான். வெள்ளைப் பணியாரம், கும்மாயமெல்லாம் உங்களுக்கு எதுக்கு?" சரி, அவர் வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

அப்புறம் செக்காலைப் பக்கத்திலிருந்து வந்த தவசிப்பிள்ளை (சமையல்காரர்) அண்ணன் நோட்டைத் திறந்துவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். சைவமா அசைவமா? வெங்காயம், பூண்டு போடலாமா? "அடுப்புப் பத்தவைக்க நேரம் பாக்கணுமா ஆச்சி?" இந்தக் குழுவை நான் பரிந்துரைக்க முதல் காரணம் இப்படிக் கேட்டதுதான்.

கடவுள் இல்லை என்பவர் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறார். மற்றதையெல்லாம் தனியாகத்தான் கேட்க வேண்டும். எங்கள் வீட்டிலேயே, என் கணவரின் அண்ணன் கடவுளை ஏற்காதவர். உயிர்க்கொலை கூடாது என்று கறி தொடமாட்டார். என் தம்பியும் நாத்திகன்தான், ஆனால் ராகு காலத்தில் வண்டியை எடுக்கமாட்டான். சம்பந்தி மார்க்சியம் பேசுவார். இவர்கள் மூவருக்கும் பொதுவாக ஒரு உலகப் பார்வையை நீங்கள் எழுதிக் காட்ட முடியுமா? இது இன்று நேற்று வந்ததும் அல்ல. பக்கத்துப் புதுக்கோட்டைச் சீமையில், சித்தன்னவாசல் குகையில் கற்படுக்கை வெட்டித் தங்கிய சமணர்கள் உலகைப் படைத்த கடவுள் என்று ஒருவரை ஏற்கவில்லை. ஆனால் வினையும் மறுபிறப்பும் அவர்களுக்கு உண்டு, கடுமையான நோன்பும் உண்டு.

சுயமரியாதை அப்படியல்ல, அது முழுமையான பார்வை. சாதி ஒழிப்பும் பெண் விடுதலையும் அதன் உயிர். பெரியாரின் கடவுள் மறுப்பு அவற்றோடு சேர்ந்தே வந்தது. நான் அதை ஏற்றவள். அதனால்தான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்: எல்லோருக்கும் ஒரே பந்தி, பாத்திரம் கழுவ வந்தவர்களும் விருந்தினரோடு உட்கார வேண்டும். இது கடவுள் இல்லை என்பதிலிருந்து தானாக வந்துவிடவில்லை. குன்றக்குடி அடிகளார் திருநீறு பூசிய மடாதிபதி. தீண்டாமையை எதிர்த்தார், பெரியாரோடு நட்பும் பாராட்டினார். சாமி கும்பிடுகிறவரும் என் நிபந்தனையை வைக்கலாம், வைக்காத நாத்திகரும் இருக்கிறார். சட்டமும் இதைக் குழப்பிக்கொள்ளவில்லை. இந்து திருமணச் சட்டத்தில் அண்ணா ஆட்சியில், 1967-ல் கொண்டுவந்த 7ஏ பிரிவின்படி, உறவினர், நண்பர்கள் முன்னால் ஒருவரையொருவர் ஏற்றதாகச் சொல்லி மாலை மாற்றினாலே போதும், மோதிரமோ தாலியோ என்றாலும் செல்லும். கடவுளை மறுக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை.

அண்ணன் நிபந்தனையைத் தயங்காமல் ஏற்றார். அவர் மட்டும் அடுப்புக்கு முன்னால் சூடம் ஏற்றிக் கும்பிட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். அது உங்கள் நம்பிக்கை அண்ணே, தாராளமாக என்றேன்.

சாப்பாட்டில் வெள்ளைப் பணியாரம் ஓரம் முறுகாமல் பஞ்சு மாதிரி வந்தது, காரச்சட்னி சரியான உறைப்பு. வெண்டைக்காய் மண்டியை அரிசி கழுவிய தண்ணீரில்தான் வைத்தார்கள், புளிப்பு நாக்கில் நின்றது. கல்கண்டு வடை கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். கவுனி அரிசி நன்றாக வெந்திருந்தது, இனிப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல். சைவச் சமையலுக்குக் கரண்டி, பாத்திரம் எல்லாம் தனி. என் கணவரின் அண்ணன் நிம்மதியாகச் சாப்பிட்டார். குறை என்றால், இரண்டாம் பந்தியில் பரிமாற ஆள் போதவில்லை, ரசம் வருவதற்குள் பாதிப் பேர் மோருக்குப் போய்விட்டார்கள். காபியும் ஆறிப்போயிருந்தது. கூட்டம் அதிகமென்றால் பரிமாறுகிறவர்களைக் கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தை, வைகாசியில் இவர்களைப் பிடிப்பது கஷ்டம், முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். நாங்கள் மார்கழியில் வைத்ததால் கேட்ட தேதியே கிடைத்தது.