கேம்ல நம்ம லோகோ ஓடுது: கம்ப்ளைண்ட்டா, ரெஜிஸ்ட்ரேஷனா, கோர்ட்டா?

கிளாம்பாக்கத்துல நிக்கிற ஆம்னி பஸ்ல நிறைய இப்ப போன்லயும் ஓடுது, பாத்திருப்பீங்க. பஸ் சிமுலேட்டர் இந்தோனேஷியா கேம்ல நம்ம பசங்க லிவரி (பஸ்ஸுக்கு மேல ஒட்டுற பெயிண்ட் டிசைன் ஃபைல்) செஞ்சு போடுறாங்க, டிராவல்ஸ் பேரு, சைடுல ஓடுற கோடு, பின்கண்ணாடில எழுதுற சாமி பேரு வரைக்கும் அப்படியே இருக்கு. ஓனருக்கு யாராவது வீடியோ ஃபார்வர்ட் பண்ணா முதல்ல சிரிப்பாரு, அடுத்து "இத காசுக்கா விக்கிறான்?"னு கேப்பாரு. எந்த வழில போகணும்ங்கிறத அந்த கேள்விதான் முடிவு பண்ணுது, லோகோ எவ்ளோ அச்சா இருக்குங்கிறது இல்ல.

முதல் வழி பிளாட்ஃபார்ம்ல கம்ப்ளைண்ட். செலவு இல்ல, சீக்கிரம் நடக்கும், ஆனா எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி வேலை செய்யாது. ரோப்ளாக்ஸ் கேம் மாதிரி எல்லாமே கம்பெனி கையில இருக்குற உலகம்னா அவங்க தூக்கினா போச்சு. என்எஃப்டி-யா (பிளாக்செயின்ங்கிற பொதுப் பதிவேட்டுல டோக்கனா பதிஞ்சு விக்கிற டிஜிட்டல் பொருள்) இருந்தா, அத விக்கிற ஓப்பன்சீ சைட் லிஸ்டிங்க மறைக்கும், டோக்கன் பிளாக்செயின்ல அப்படியே இருக்கும், இன்னொரு மார்க்கெட்ல தலை காட்டும். பஸ் லிவரி கதை இன்னும் சிக்கல், ஃபைல் கேமுக்குள்ள கடை போட்டு விக்கல, யூட்யூப் லிங்க், டெலிகிராம் குரூப்னு சுத்துது, அதனால கேம் கம்பெனிக்கு மெயில் போட்டு பிரயோஜனம் கம்மி, லிங்க் இருக்குற இடத்துலதான் தட்டணும். ஐடி ரூல்ஸ் 2021 படி இந்த மாதிரி கம்பெனிங்க குறைதீர் அதிகாரி வைக்கணும், அந்த அட்ரஸுக்கும் சேர்த்து போடுங்க.

இங்க நிறைய பேரு கோட்டை விடுற ஒரு இடம் இருக்கு. டிஎம்சிஏ-ங்கிற அமெரிக்கச் சட்டப்படி பொருள தூக்கச் சொல்லி போடுற ஃபார்ம் காப்பிரைட்டுக்கு மட்டும்தான், வெறும் பேரு திருட்டுக்கு அது செல்லாது, டிரேட்மார்க்குக்கு தனி ஃபார்ம், அதுல ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் கேப்பாங்க. "அப்ப லோகோ படம்தானே, காப்பிரைட்ல போடலாமே"ன்னா போடலாம், நம்ம ஊர் சட்டப்படி காப்பிரைட்ட பதிவு பண்ணணும்னே அவசியம் இல்ல, ஆனா படம் யாரோடது? கரூர்ல பாடி கட்டினப்ப பெயிண்ட் டிசைன் போட்டவரு வெளி ஆளா இருந்து எழுத்துல உரிமைய மாத்தி வாங்கலன்னா பொதுவா அது அவரோடதுதான். எதிராளி கவுன்ட்டர் நோட்டீஸ் ('தப்பா தூக்கிட்டீங்க'ன்னு பதில்) குடுத்தா அமெரிக்க சட்டப்படி 10-லேருந்து 14 வேலை நாளுக்குள்ள நீங்க கேஸ் போட்டதா காட்டலன்னா பொருள் திரும்ப மேல வந்துடும். அந்த நேரத்துல பெயிண்டர தேடி ஓட முடியாது.

ரெண்டாவது, ரெஜிஸ்ட்ரேஷன். கிண்டில டிரேட்மார்க் ஆபீஸ் இருக்கு, ஆனா யாரும் நேர்ல போறதில்ல, ஆன்லைன்ல தனி நபர், ஸ்டார்ட்அப், சின்ன கம்பெனிக்கு ஒரு கிளாஸுக்கு (பொருள், சேவை வகைக்கு ஒரு நம்பர், அதான் கிளாஸ்) 4,500 ரூபா, மத்தவங்களுக்கு 9,000. டிராவல்ஸ்காரர் ஏற்கனவே 39-ல வாங்கியிருப்பாரு, ஜவுளிக்கடைன்னா 24, 25. விர்ச்சுவல் பொருளுக்கு 9-ஆம் கிளாஸ். சும்மா "விர்ச்சுவல் பொருட்கள்"னு எழுதிடாதீங்க, ஐரோப்பிய ஆபீஸே அது தெளிவில்லன்னு சொல்லிடுச்சு, என்ன பொருள்னு பேரு சொல்லணும்.

ஆனா 9, 35, 41, 42-ன்னு நாலு கிளாஸயும் பயத்துல வாங்கி வைக்கிறத நான் ஒத்துக்க மாட்டேன். அஞ்சு வருஷத்துக்கு மேல யூஸ் பண்ணாம கிடந்தா டிரேட்மார்க் சட்டம் செக்ஷன் 47-ல தூக்கச் சொல்லி அதனால பாதிக்கப்பட்ட எவனும் மனு போடலாம். கேம் பக்கமே போகாத மெஸ்ஸுக்கு 9 எதுக்கு? ஊரறிஞ்ச பேரா இருந்தா செக்ஷன் 29(4) வேற சரக்குக்கும் கை குடுக்கும், ஆனா அந்தப் புகழ நிரூபிக்கிறது உங்க பொறுப்பு.

மூணாவது கோர்ட். மெட்ராஸ் ஹைகோர்ட்ல ஐபி-க்குன்னே (டிரேட்மார்க், காப்பிரைட் மாதிரி அறிவுசார் சொத்து) தனி டிவிஷன் இருக்கு, ரெஜிஸ்டர் ஆன மார்க்குன்னா செக்ஷன் 134 புண்ணியத்துல நீங்க தொழில் நடத்துற சென்னைலயே கேஸ் போடலாம், எதிராளி எங்க இருக்கான்னு அலைய வேணாம். ஆளே தெரியலன்னாலும் அசோக் குமார்னு பேரு போட்டு ஆர்டர் வாங்குற வழக்கம் இருக்கு. பிர்கின் பை விக்கிற ஹெர்மீஸ் கம்பெனி 'மெட்டாபிர்கின்' என்எஃப்டி மேல நியூயார்க்ல போட்ட கேஸ்ல 2023 பிப்ரவரில ஜூரி 1,33,000 டாலர் நஷ்டஈடு குடுத்துச்சு, அங்க பை இல்ல, பையோட படம் மட்டும்தான். கேக்க நல்லாருக்கு. ஆனா அங்க விக்கிறவரு ஊருக்கே தெரிஞ்ச ஆளு, 100 என்எஃப்டி, பணம் வந்த தடம் எல்லாம் கண்ணு முன்னாடி. எதிர்ப் பக்கமும் இருக்கு: ஹம்வீங்கிற ராணுவ வண்டி செய்யிற கம்பெனி கால் ஆஃப் டியூட்டி கேம் மேல போட்ட கேஸ் 2020-ல தோத்துச்சு, கேமும் படைப்புதான், வண்டி அதுல காட்சிக்கு வருதுன்னு கோர்ட் எடுத்துக்கிச்சு. ரெண்டுமே அமெரிக்கத் தீர்ப்பு, நம்ம கோர்ட்ட கட்டாது, ஆனா ரெண்டு பக்க வக்கீலும் இதத்தான் தூக்கிட்டு வருவாங்க. அதோட செக்ஷன் 29-ல வியாபாரப் போக்குல யூஸ் பண்ணதா இருக்கணும், ஓசில லிவரி குடுக்குற பதினொன்னாவது படிக்கிற பையன் மேல அத நிக்க வைக்கிறது கஷ்டம், நின்னாலும் உங்க டிராவல்ஸ் பேருதான் நாறும்.

அந்தப் பையனுக்கு சரியான வழி நாலாவது, அனுமதி குடுத்துடுறது. ஒரு பக்க லெட்டர் போதும்: ஃப்ரீயா குடுக்கலாம், காசு வாங்கக் கூடாது, ஆக்ஸிடென்ட் வீடியோவுக்கு நம்ம பஸ்ஸ யூஸ் பண்ணக் கூடாது, கேட்டா எடுத்துடணும். அவன் ஒரிஜினல் கலரோட கோட் நம்பர் கேப்பான், குடுங்க, உங்கள விட அக்கறையா செய்வான். ஒண்ணு, இஷ்டத்துக்கு அனுமதி குடுத்துட்டு என்ன பண்றாங்கன்னு பாக்காம விட்டா நாளைக்கு இன்னொருத்தன் மேல போற கேஸ்ல அதுவே உங்களுக்கு எதிரா வரும்.

என்ன கேட்டா ஆர்டர் இப்படி: ஃபேன்னா லெட்டர், காசுக்கு விக்கிறவன்னா பிளாட்ஃபார்ம் கம்ப்ளைண்ட், கூடவே ரெஜிஸ்ட்ரேஷன் இல்லன்னா உடனே அப்ளை, உங்க பேர்ல டிக்கெட் புக்கிங் லிங்க் வரைக்கும் போயிட்டான்னா அன்னிக்கே வக்கீல். எந்த வழின்னாலும் லிங்க் செத்துப் போறதுக்கு முன்னாடி முழு யூஆர்எல், தேதி, விலை தெரியிற மாதிரி ஸ்க்ரீன் ரெக்கார்டிங் எடுங்க, கோர்ட்டுக்குப் போனா பாரதிய சாக்ஷிய அதினியம் (சாட்சியச் சட்டம்) செக்ஷன் 63-படி எலக்ட்ரானிக் ஆதாரத்துக்கான சர்டிஃபிகேட் கேப்பாங்க, எந்த போன்ல எடுத்தீங்கன்னு குறிச்சு வைங்க, அந்த போன எக்ஸ்சேஞ்ச்ல போட்டுடாதீங்க.